பாலியல் வன்கொடுமை இழப்பீடு: தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"கேஸ் முடியட்டும், அப்புறம் பணத்துக்கு எழுதிப் போடலாம்." பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் வீட்டாருக்கு இப்படி யோசனை சொல்ல யாராவது ஒருவர் வந்துவிடுவார். நம்பாதீர்கள். இழப்பீட்டைக் கொடுப்பது அரசு. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், அவன் பிடிபடாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்கால நிவாரணமும் கேட்கலாம்.

தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018 திட்டப்படி பாலியல் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய். பின்னணி இவ்வளவு போதும். சிக்கல் அலுவலக வாசல்களில்தான்.

முதல் வாசல் ஆஸ்பத்திரி. "எஃப்.ஐ.ஆர் எங்கே?" என்று கேட்டு ஒரு தாயையும் மகளையும் வராந்தாவிலேயே உட்கார வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வராந்தாவில் கழியும் ஒவ்வொரு மணியும் அதில் கழிகிறது. சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர் தேவையில்லை. தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. போலீசுக்குச் சொல்ல வேண்டியதும் அவர்கள் வேலை, உங்கள் வேலை அல்ல. பிறப்புறுப்பில் விரலை விட்டுப் பார்க்கும் 'இரு விரல் சோதனை' என்று யாராவது ஆரம்பித்தால் மறுத்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்திருக்கிறது.

இரண்டாவது வாசல் போலீஸ் ஸ்டேஷன். "இது எங்க எல்லை இல்லம்மா" என்றால், "சீரோ எஃப்.ஐ.ஆர் போடுங்கள்" என்று சொல்லுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதிய வேண்டிய எஃப்.ஐ.ஆர் அது. எந்த ஸ்டேஷனும் மறுக்க முடியாது. இன்னொரு கண்ணி சி.எஸ்.ஆர் ரசீது. புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்தான் அது, எஃப்.ஐ.ஆர் ஆகாது. அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பி, மாதக்கணக்கில் ஏமாந்தவர்கள் உண்டு. எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிவிட்டே கிளம்புங்கள். இந்தக் குற்றங்களில் வழக்குப் பதிய மறுக்கும் அதிகாரிக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. பணிவாக ஒருமுறை நினைவூட்டினால் போதும், பேனா தானாக வெளியே வரும்.

அப்புறம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். இழப்பீட்டு விண்ணப்பம் இங்கேதான். எஃப்.ஐ.ஆர் நகல், மருத்துவ அறிக்கை, வங்கிப் பாஸ்புக் நகல் கொண்டு போங்கள். கணக்கு அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். அண்ணன் கணக்கு, மாமனார் கணக்கு என்று கொடுத்தால் பணம் அவர்களோடு போய்விடும். தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்காமல் எதையும் கொடுக்காதீர்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு இரண்டு மாதக் கெடு. அது எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த முத்திரைதான்.

பணம் வந்ததும் ஓர் அதிர்ச்சி இருக்கிறது. கால் பங்குதான் உடனே கைக்கு வரும். மீதி முக்கால் பங்கு குறைந்தது மூன்று ஆண்டுகள் வைப்பில் கிடக்கும். மருத்துவத்துக்கோ படிப்புக்கோ அவசரம் என்றால் முன்னதாக எடுக்க ஆணைக்குழுவிடம் மனு போடலாம். இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனி நிவாரணமும் உண்டு. வன்புணர்வு வழக்குகளில் அதில் பாதித் தொகை மருத்துவ அறிக்கை வந்ததுமே தரப்பட வேண்டும். எஃப்.ஐ.ஆரில் அந்தச் சட்டப் பிரிவு விடுபட்டிருந்தால் நிவாரணமும் விடுபடும். நகல் கையில் வந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

வக்கீலுக்குப் பணம் தேட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்கு அழையுங்கள். தங்க இடமோ ஆற்றுப்படுத்தலோ வேண்டுமென்றால் 181.