டைனர்: பெட்டியிலிருந்து வந்த பெயர்

அமெரிக்கா போய் வந்தவர்கள் ‘டைனர்ல சாப்பிட்டோம்’ என்பார்கள். அதைத் தமிழில் எழுதும்போது ‘உணவகம்’ என்று போட்டுவிடுகிறோம். தப்பில்லை. ஆனால் டீக்கடையைப் ‘பான நிலையம்’ என்று எழுதுவது மாதிரிதான் அது.

நியூயார்க்கில் பத்தாவது அவென்யூவில் எம்பயர் டைனர் என்று ஒன்று உண்டு. 1946-ல் செய்தது. ‘கட்டியது’ என்று எழுதாமல் ‘செய்தது’ என்று எழுதக் காரணம் இருக்கிறது. டைனர்களைத் தொழிற்சாலையில் செய்து, முழுதாகவோ துண்டுகளாகவோ கொண்டுவந்து இறக்குவார்கள். அதனால்தான் அவை ரயில்பெட்டி போலக் குறுகி நீண்டிருக்கும். உள்ளே நீளவாட்டில் ஒரு கவுண்ட்டர், அதன் முன் தரையோடு பொருத்திய சுழல் முக்காலிகள், சன்னலோரம் எதிரெதிர் இருக்கைகள்.

கதை 1872-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் தொடங்குகிறது. வால்டர் ஸ்காட் என்பவர் குதிரைவண்டியில் உணவு வைத்து, இரவில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தின் வாசலில் விற்றார். மற்ற கடைகள் மூடிய பிறகும் பசியோடு இருந்தவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அப்புறம் உள்ளே ஏறி நின்று சாப்பிடும் வண்டிகள் வந்தன. டிராம் மின்சாரத்துக்கு மாறியபோது, கழித்துவிட்ட குதிரை டிராம்களை மலிவாக வாங்கிச் சிலர் கடை போட்டார்கள். அதில் சில அழுக்கடைந்து பேரைக் கெடுத்தன. அதனால் புதிதாகச் செய்தவர்கள் ரயிலில் சாப்பாடு பரிமாறும் பெட்டியான ‘டைனிங் கார்’ போன்ற தோற்றத்தைக் கொடுத்து, அதன் சுருக்கமான ‘டைனர்’ என்ற பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஓடாத வண்டிக்கு ஓடும் வண்டியின் பெயர்!

வேரைத் தோண்டினால் இன்னும் சுவை. ‘டைன்’ என்ற வினை பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அதன் ஆதி அர்த்தம் ‘பட்டினியை முறி’. அதாவது இன்றைய டின்னர் ஒரு காலத்தில் காலைச் சாப்பாடு. (சிறுகுடலின் நடுப்பகுதியை மருத்துவர்கள் ஜெஜுனம் என்பதும் இதே வேரிலிருந்துதான், ‘வெறுமையானது’ என்று பொருள்.) மலேசியத் தமிழர்கள் காலையில் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்பார்களே, அதில் இந்தப் பழம்பொருள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

டைனரில் விற்பது வீட்டுச் சாப்பாட்டின் நினைவு. கொத்துக்கறியை ரொட்டி வடிவில் பிடித்துச் சுட்டு, கிரேவி ஊற்றி, மசித்த உருளைக்கிழங்கோடு தரும் மீட்லோஃப். அப்புறம் பான்கேக், மில்க்‌ஷேக். முட்டையை எப்படி வேண்டும் என்று கேட்பார்கள். நம் ஹாஃப் பாயிலுக்கு அங்கே ‘சன்னி சைடு அப்’ என்று பெயர். கரு உடையாமல் திருப்பிப் போட்டால் ‘ஓவர் ஈஸி’. காபிக்குப் பெரும்பாலும் ஒருமுறைதான் காசு. குவளை பாதி இறங்கியதும் கேட்காமலே வந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். நியூயார்க்கில் இவற்றில் பலவற்றைக் கிரேக்கக் குடியேறிகள் நடத்தினார்கள். அவர்கள் மனம் குளிரத்தான் 1963-ல் நீலமும் வெள்ளையுமான, கிரேக்கக் கோலம் போட்ட காகிதக் காபிக் குவளை வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சிற்றுண்டிச்சாலை’ சரிவராது, டைனரில் முழுச் சாப்பாடே கிடைக்கும். ‘உணவு விடுதி’ என்றால் தங்கலாமோ என்று தோன்றும். என் ஓட்டு ‘பெட்டியுணவகம்’. ரயிலின் ‘கார்’ தமிழில் பெட்டிதானே; பெட்டிக்கடை என்று தெருவோரச் சின்னக் கடைக்கும் அதே சொல் ஏற்கெனவே புழங்குகிறது. பொட்டலச் சோறு விற்கும் இடம் என்று யாராவது புரிந்துகொள்ளக்கூடும் என்பது ஒரு குறை. அதனால் கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘பெட்டியுணவகம் எனப்படும் டைனர்’ என்று எழுதலாம். கதையில் யாராவது பேசும் இடத்தில் மட்டும் டைனர் டைனராகவே இருக்கட்டும்.