மிக்மடைட் என்னும் கலப்புப் பாறை

வடசென்னையில் எங்கே தோண்டினாலும் மணலும் களிமண்ணும்தான். பாறை பார்க்க வேண்டுமென்றால், கடலரிப்புக்காகக் கொட்டிய கற்களிடம் போக வேண்டும். திருவொற்றியூர்க் கரையில் ஒரு தூண்டில் வளைவின் (கடலுக்குள் கொக்கிபோல் நீளும் கல் தடுப்பு) நடுவே அப்படி லாரியில் வந்திறங்கிய கல் ஒன்று கிடக்கிறது. சாம்பல் உடம்பு, குறுக்கே விரல் தடிமனில் வெள்ளைப் பட்டைகள், பட்டைகளின் இரு ஓரமும் மை தீட்டியதுபோல் கறுப்பு. அந்தக் கறுப்பை நகத்தால் சுரண்டினால் காக்காப்பொன் செதில் மின்னி உதிர்கிறது. நிலவியலில் இதற்குப் பெயர் மிக்மடைட்.

1907இல் இப்பெயரை இட்டவர் பின்லாந்து நிலவியலாளர் யாகோப் யோஹன்னஸ் செடர்ஹோம். கிரேக்கத்தில் 'மிக்மா' என்றால் கலந்தது. 'ஐட்' கல்லைக் குறிக்கும் விகுதி. 3உம் 4உம் சேர்ந்த தாளத்தை மிஸ்ரம் என்கிறோமே, அந்த வடசொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான்.

கலந்தவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறையும் கிரானைட்டும். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், நீர் இருந்தால், சுமார் 650 முதல் 700 டிகிரி செல்சியசில் பாறை இளகத் தொடங்கும். எல்லாம் ஒருசேர உருகாது. வெளிர் கனிமங்களான குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் முந்திக்கொள்ளும். கறுப்பு மைக்கா என்னும் காக்காப்பொன்னும், ஹார்ன்பிளெண்ட் என்னும் கருங்கனிமமும் பின்தங்கும். வெல்லம் கரைந்து பாகாக, மண் அடியில் தங்குவதைப் போல. உருகியது ஒதுங்கி உறைந்தால் வெள்ளைப் பட்டை, கிரானைட்டின் ஜாடை. விட்டுப்போனது கறுப்பு ஓரம். இளகிய நிலையில் நெரிபட்ட பட்டைகள் மீன்குடல்போல் மடிந்திருப்பதும் உண்டு. செடர்ஹோமோ, கிரானைட் குழம்பு கீழிருந்து ஊடுருவியது என்பதையே பெரிதும் நம்பினார். அப்படியும் நடக்கும், ஆனால் பாறை தானே பாதி உருகுவதற்கே இன்று முதலிடம். காரணம் மாறியும் பெயர் நிற்கிறது, தோற்றத்தை மட்டும் சொன்னதால்.

ஆகவே தமிழிலும் 'அரையுருகு பாறை' என்று காரணத்தைத் திணிக்க வேண்டாம். கலப்புப் பாறை போதும். 'கலவைப் பாறை' எனக்கு உவப்பில்லை. இந்த ஊரில் கலவை என்றால் கொத்தனார் சட்டியில் இருக்கும் சிமென்டும் மணலும். தூண்டில் வளைவு என்ற சொல்லையே பாருங்கள்: அலையியல் எதுவும் பேசாமல் வடிவத்தைச் சொல்லி நிலைத்துவிட்டது.

பக்கத்துக் கல்லிலும் பட்டைகள் உண்டு. ஆனால் உருகி ஒதுங்கிய தடமோ, கறுப்பு ஓரமோ இல்லை. அதை நைஸ், அதாவது பட்டையோடிய உருமாறிய பாறை, என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.