தோல் புற்றுநோய் அல்ல, தோலில் இறங்கிய இரத்தப்புற்று

நிலாவெளி வீதியில் மீன் விற்கும் அக்கா ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். ‘லுக்கீமியா கியூட்டிஸ் எனும் தோல் புற்றுநோய்’ என்று அச்சடித்திருந்தது. அவருடைய தமையனின் நெற்றியில் இரண்டு மாதமாகச் செங்கபில நிறத்தில் நாலைந்து கட்டிகள்; தொட்டால் கெட்டி, நோவில்லை. “வெயில்ல தோணி தள்ளின ஆள் தம்பி, வெயில்தான் செய்திருக்கு. பூசுறதுக்கு ஏதும் இருக்கா?” என்றார். இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது மூன்றாம் முறை.

லியூக்கோஸ் என்றால் கிரேக்கத்தில் வெள்ளை, ஹைமா என்றால் இரத்தம். லுக்கீமியா என்பது 1847இல் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ இரத்தப்புற்றுக்கு வைத்த பெயர். கியூட்டிஸ் இலத்தீனில் தோல். சரி, சொல்லின் கதை அவ்வளவுதான்.

இரண்டையும் ஒட்டினால் தோல் புற்றுநோய் வந்துவிடாது. தோல் புற்றுநோய் தோலிலேயே பிறப்பது. வெயிலுக்கும் அதற்கும் உறவு உண்டு. லுக்கீமியா கியூட்டிஸோ எலும்பு மச்சையில் பிறந்து, இரத்தத்தோடு வந்து தோலில் குடியேறுவது. வெயிலைக் குற்றம் சொல்ல இடமில்லை. கிரீம் பூசி ஆறாது; மருந்து இரத்தப்புற்றுக்கே. பெரும்பாலும் இரத்தப்புற்று தெரிந்த பிறகே தோலில் தெரியும். அரிதாகத் தோல் முந்திக்கொள்ளும், அப்போது இரத்தப் பரிசோதனைகூட ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். தோலில் சிறு துண்டெடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். அந்த வேளையில் நோயாளியை வெயிலைக் குற்றம் சொல்லவும் களிம்பு தேடவும் அனுப்புகிறது ‘தோல் புற்றுநோய்’ என்ற பெயர். பிறந்த இடத்தை மறைக்கும் பெயரைத் தமிழ் என்று சொல்லி அச்சடிக்க எப்படி மனம் வருகிறது?

‘வெண்குருதித் தோல்நோய்’ என்று ஒருவர் எழுதினார். தூய தமிழ், ஆனால் ‘வெண்’ என்று கண்டதும் எங்கள் ஊர்த் தாய்மார் பிள்ளையின் கன்னத்துத் தேமலைத்தான் தேடுவார்கள். உண்மையில் வருவது சிவப்பு, ஊதா, கபிலம். சில பேருக்கு நெற்றியும் புருவமும் தடித்து மடிப்பு விழும். அதைச் சிங்கமுகம் என்பார்கள். தொழுநோயிலும் அது வரும், ஆகவே முகக் கட்டி எல்லாம் இரத்தப்புற்று என்று பயப்படவும் வேண்டாம்.

நான் ‘தோலில் இறங்கிய இரத்தப்புற்று’ என்றே எழுதுகிறேன். நீளம்தான். சளி நெஞ்சில இறங்கினது என்று பேசுகிற சனத்துக்கு ‘இறங்கிய’ என்றால் எங்கிருந்து எங்கே என்று உடனே விளங்கும்.

அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். “அப்ப தோல் டாக்டர் பாத்திட்டு இரத்தமும் பாக்கச் சொல்லுவாரா?” என்று கேட்டார். மறுநாளே தமையனைக் கூட்டிக்கொண்டு போனார்.