கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் கேம் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது என்று வரும் கணினிகளில் பலவற்றுக்கு அந்தக் கார்டே தேவைப்பட்டிருக்காது. கேபினெட்டைத் திறந்தால் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) ஒற்றைக் குச்சியாக நிற்கும். அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் 3200, ஓடுவதோ 2133. வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். பயோஸில் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) ஓர் அமைப்பை மாற்றி, இன்னொரு குச்சி சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அதற்குப் பதிலாகக் கணினியிலேயே விலை கூடிய பாகத்தை மாற்றியிருப்பார்கள். இதையே திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப் போனதால்தான் இந்தக் கட்டுரை.

ஏன் கார்டை மாற்றினீர்கள் என்று கேட்டால் வரும் பதில் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: "டாஸ்க் மேனேஜர்ல பிராசஸர் 35 சதவீதம்தான் காட்டுது. பிராசஸர் சும்மாத்தானே இருக்கு? அப்போ கார்டுதானே பழசு?"

இந்த 35 சதவீதத்தைத் தயவுசெய்து நம்பாதீர்கள். கோர் என்பது பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது அதில் ஓடும் ஒரு வேலை வரிசை. 8 கோர், 16 த்ரெட் கொண்ட பிராசஸரில் டாஸ்க் மேனேஜர் காட்டும் எண் பதினாறின் சராசரி. ஒரு த்ரெட் மூச்சு முட்ட வேலை செய்தாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம்தான். நான்கு த்ரெட்கள் முழுதாக நிரம்பினால் 25 சதவீதம். கேம்களோ வேலையைப் பதினாறாகச் சமமாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. கேம் உலகத்தை நடத்தும் முதன்மை த்ரெட் ஒன்று, எதை வரைய வேண்டும் என்று கார்டுக்குக் கட்டளை அனுப்புவது ஒன்று, மீதி உதிரி வேலைகள். அந்த முதன்மை த்ரெட் முடிக்காமல் அடுத்த ஃபிரேம் (திரையில் வரும் ஒரு படம்) தொடங்காது. பதினாறு பேர் உள்ள அலுவலகத்தில் எல்லாக் கோப்பும் ஒரே ஆளின் கையெழுத்துக்குக் காத்திருக்கும்போது, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "இங்கே வேலையே இல்லை" என்று முடிவு கட்டுவீர்களா?

கோர் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன், எந்தக் கோரும் 100 தொடவில்லை என்பார்கள் அடுத்து. அதுவும் ஏமாற்றும். விண்டோஸ் ஒரு த்ரெட்டை ஒரே கோரில் கட்டிப்போட்டு வைப்பதில்லை. ஒரு நொடிக்குள் பலமுறை இடம் மாற்றும். வரைபடமோ நொடிக் கணக்கில் சராசரி எடுத்துக் காட்டும். முழுதாக நிரம்பிய ஒரு த்ரெட் மூன்று கோர்களில் பரவி, மூன்றும் மூன்றில் ஒரு பங்குதான் ஓடுவது போலத் தெரியும்.

ஆகவே பிராசஸரைக் கேட்காதீர்கள், கார்டைக் கேளுங்கள். ஃபிரேம் வேகத்தை மானிட்டரோடு பூட்டும் வி-சிங்கையும் ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் கார்டின் பயன்பாட்டைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். 97, 98, 99 என்று நின்றால் கார்டு தன் முழு பலத்தையும் கொடுக்கிறது, வேகத்தைத் தீர்மானிப்பதும் அதுதான். (99 சதவீதத்தைப் பார்த்து கார்டு எரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அது ஆரோக்கியமான நிலை.) 60, 70 என்று ஊசலாடினால் கார்டு எதற்காகவோ காத்திருக்கிறது. பெரும்பாலும் பிராசஸருக்காக அல்லது ரேமுக்காக. இந்த நிலையில் இரண்டு மடங்கு வேகமான கார்டைப் போட்டால் பயன்பாடு 35 ஆகக் குறையும், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) அதே இடத்தில் நிற்கும். வரம்பை அணைக்காமல் பார்த்தால் இந்தச் சோதனையே செல்லாது. 60 ஹெர்ட்ஸில் பூட்டிய கேமில் கார்டு ஓய்வெடுப்பது இயல்பு.

சந்தேகம் தீரவில்லையா? ரெசொலூஷனைக் குறையுங்கள். 1440பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கி, அதே இடத்தில் அதே காட்சியை ஓட்டுங்கள். எஃப்பிஎஸ் துள்ளி ஏறினால் கார்டுதான் தடை. 82-இல் இருந்தது 85-இல் நின்றால் பிராசஸர் பக்கம்தான் தடை. இரண்டு நிமிட வேலை. இணையத்தில் பிராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் கொடுத்தால் "பாட்டில்நெக் 17.4 சதவீதம்" என்று சொல்லும் கணக்கீட்டுப் பக்கங்களை விட்டுவிடுங்கள். அதே பிராசஸரும் அதே கார்டும் ஒரு கேமில் 1080பி-யில் பிராசஸர் பக்கம் திணறும், இன்னொரு கேமில் 4கே-யில் கார்டு பக்கம் திணறும். ஒற்றைச் சதவீதத்துக்கு அங்கே பொருளே இல்லை.

சோதிப்பதை மெனுத் திரையில் செய்யாதீர்கள். கேமிலேயே அதிகம் திணறும் இடத்துக்குப் போய் 15, 20 நிமிடம் விளையாடுங்கள். வெப்பம் அதன் பிறகுதான் நிலைக்கு வரும். சராசரி எஃப்பிஎஸ்ஸோடு 1 சதவீத லோவையும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) குறித்துக்கொள்ளுங்கள். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். இடையில் ஒரு ஃபிரேம் மட்டும் 80 மில்லிசெகண்ட் எடுத்தால் சராசரி அசையாது, கண்ணுக்குத் திக்கும். நீங்கள் "லேக்" என்று சொல்வது பலமுறை இதைத்தான்.

அந்தத் திக்கலுக்கு வேறொரு காரணமும் இருக்கலாம்: கார்டின் விரேம், அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கும் நினைவகம். 8 ஜிபி நிரம்பி வழிந்தால் மிச்சம் கணினி ரேமுக்குப் போய், கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக மெதுவாக வந்து போகும். டெக்ஸ்ச்சர் அமைப்பை ஒரு படி இறக்கி, கேமை மூடித் திறந்து பாருங்கள். சீராகிவிட்டால் நோய் அதுதான். அதற்கு வேகமான இன்னொரு 8 ஜிபி கார்டு மருந்தாகாது.

இனி, காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை. மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா? சிரிக்காதீர்கள், அடிக்கடி பார்ப்பதுதான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் அமைப்பில் 60-இல் நிற்கிறதா? ரேம் இரண்டு குச்சி என்றால், நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் இருக்க வேண்டும். பயோஸில், ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கத்தில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் டிடிஆர்4 ரேம் 2133 அல்லது 2400-இலும், புதிய டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் 4800-இலும் ஓடிக்கொண்டிருக்கும். கார்டு மேல் ஸ்லாட்டில் இருக்கிறதா? கீழே உள்ள நீள ஸ்லாட் பல போர்டுகளில் நான்கு லேன் (தரவு போய்வரும் பாதை) மட்டுமே தரும்.

வெப்பத்தில் ஒரு எச்சரிக்கை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசஸர்களில் பல முழு பாரத்தில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் சாதாரண பாரத்திலேயே உச்சம் தொட்டு, கடிகார வேகம் சரிந்தால் கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்திய கூலர்கள் இன்றும் வருகின்றன.

இத்தனையும் பார்த்த பிறகு, பிராசஸர்தான் தடை என்று உறுதியானால் அடுத்த கேள்வி மதர்போர்டு. இங்கேதான் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயரை மட்டும் படித்துவிட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். இன்டெலின் எல்ஜிஏ1151 ஒரே பெயர்தான், ஆனால் 200 வரிசை போர்டில் 8-ஆம் தலைமுறை பிராசஸர் வேலை செய்யாது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. 2017-இன் ரைசன் 5 1600 உட்கார்ந்திருக்கும் பி350 போர்டிலேயே, போர்டு நிறுவனம் பயோஸ் வெளியிட்டிருந்தால், 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி உட்காரும். ரேம், போர்டு எதையும் தொட வேண்டாம். போர்டின் ஆதரவுப் பட்டியலில் பிராசஸர் பெயரையும் அதற்கான பயோஸ் எண்ணையும் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குத் தாவினால் டிடிஆர்5 மட்டும்தான். பழைய ரேம் கூட வராது. டிடிஆர்5-இல் நான்கு குச்சி போட்டு நிரப்பும் ஆசையும் வேண்டாம், வேகம் சரியும். இரண்டே பெரிய குச்சிகள் போதும்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் எதையும் வாங்கும் முன் பயோஸைப் புதுப்பியுங்கள். மின்னழுத்தச் சிக்கலால் அவற்றில் பல நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்ட் தொடங்கி திருத்தங்கள் வந்தன. கேம் திடீரென்று மூடிக்கொள்வது, விரேம் போதவில்லை என்று காரணமில்லாமல் பிழை காட்டுவது எல்லாம் இதன் அறிகுறியாக இருக்கலாம். ஏற்கெனவே சேதமான பிராசஸரை பயோஸ் குணமாக்காது, வாரண்டியில் மாற்றத்தான் வேண்டும். அந்தப் பிழைச் செய்தியை நம்பிக் கார்டை மாற்றியவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

கார்டை மாற்றியே தீர வேண்டிய நேரமும் உண்டு, மறுக்கவில்லை. டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரைதல்) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு என்விடியாவின் கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. மானிட்டரை 1080பி-யிலிருந்து 4கே-க்கு மாற்றினால் வரைய வேண்டிய பிக்சல்கள் 20.7 லட்சத்திலிருந்து 82.9 லட்சமாகின்றன, நான்கு மடங்கு. ஆனால் பழைய போர்டுக்குக் கார்டு தேர்ந்தெடுக்கும்போது லேன் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு லேன் மட்டுமே பயன்படுத்தும்; பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் அது கணிசமாக வேகம் இழக்கும். ஹார்ட் டிஸ்க்கில் கேம் வைத்திருந்தால் எஸ்எஸ்டி வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். எஃப்பிஎஸ் ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாரம் ஏறும்போது கணினி பட்டென்று அணைந்து மறுபடி ஓடத் தொடங்கினால், கார்டின் நொடிப்பொழுது மின் எழுச்சியைத் தாங்காமல் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று சந்தேகியுங்கள். 80 பிளஸ் கோல்டு என்பது மின்சாரத்தை வீணாக்காமல் தருவதற்கான சான்று, பாதுகாப்புக்கான சான்று கிடையாது. ஒரு 8 பின் இணைப்பு 150 வாட், ஸ்லாட் 75 வாட். இரண்டு 8 பின் கேட்கும் பெரிய கார்டுக்கு ஒரே கேபிளின் இரட்டை வாலைச் செருகாமல் இரண்டு தனிக் கேபிள் இழுங்கள். புதிய கார்டுகளின் 12விஎச்பிடபிள்யூஆர் மின் இணைப்பை இடைவெளி தெரியாதபடி முழுதாக அழுத்துங்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அது உருகிய பல சம்பவங்களில் பாதி செருகியதும் ஒரு காரணம்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். செருகும்போது அழகாகப் பொருந்தும். சுவிட்சைப் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நொடியில் செத்துப்போகும், அதிலுள்ள படங்களோடு.

பிராசஸரைக் கழற்றும் முன் மூன்று வேலை. பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயோஸைப் புதுப்பியுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்தால் பல போர்டுகளில் வழியில்லை. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இல் நீங்கள் கேட்காமலே குறியாக்கம் இயங்கியிருக்கலாம். புது பிராசஸர் போட்டதும், அந்தக் குறியாக்கத்தின் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம்-ஐ அழிக்கவா என்று பயோஸ் கேட்கலாம். சாவி கையில் இல்லாமல் 'ஒய்' அழுத்தினால் டிஸ்க் பூட்டிக்கொள்ளும். ஏஎம்4 என்றால், கழற்றும் முன் பத்து நிமிடம் கேம் ஓட்டிக் கூலரைச் சூடாக்கி, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடம் வலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் இடையில் காய்ந்திருக்கும் வெப்பப் பேஸ்ட் பிராசஸரையும் சாக்கெட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும்.

எல்லாம் பொருத்திவிட்டீர்கள், சுவிட்சைப் போட்டீர்கள், ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. டிடிஆர்5 கணினியில் முதல் தடவை இது இயல்பு. போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, சில நிமிடங்கள் ஆகும், நடுவில் தானே அணைந்து மறுபடி எழவும் செய்யலாம். இந்த நேரத்தில் பவர் பட்டனை அமுக்கி அமுக்கித்தான் "புது போர்டு செத்துடுச்சு" என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். அதன் பிறகும் படம் வரவில்லை என்றால், ஒற்றைக் குச்சியை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து மறுபடி முயலுங்கள்.