முகவரிப் பெயர்ப்பு: லயத்து எண் ஏன் வெளியே செல்லாது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள எந்தப் பழைய தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போனாலும் 14ஆம் எண் வீடு ஒன்று இருக்கும். அந்தத் தோட்டத்துக்குள் '14ஆம் வீடு' என்றால் போதும், வேறு அடையாளம் தேவையில்லை. அதே எண்ணோடு '31100 சுங்கை சிப்புட்' என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டால், எந்தத் தோட்டத்து 14 என்று தபால்காரர் விழிப்பார். எண்ணில் பிழையில்லை. அது செல்லுபடியாகும் எல்லையைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த எல்லையைத்தான் இணையப் பொறியாளர்கள் 'அட்ரஸ் டொமைன்' என்றும் 'அட்ரஸ் ரெல்ம்' என்றும் சொல்கிறார்கள். ஒரு முகவரி ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருக்கும் பரப்பு என்பது பொருள். டொமைனுக்கு 'ஆள்களம்' என்ற தமிழ்ச்சொல் உண்டு. ஆனால் அது இணையதளப் பெயர்களுக்கு நிலைத்துவிட்டது. இங்கும் அதையே போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். 'முகவரி வட்டாரம்' என்பதே பொருந்துகிறது.

இரண்டு வட்டாரங்களின் எல்லையில் நின்று முகவரியை மாற்றி எழுதும் வேலைதான் 'நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்', சுருக்கமாக நேட். எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் 1994 மே மாதம் இணையப் பொறியாளர்களின் ஆர்.எஃப்.சி. வரிசையில் 1631ஆம் ஆவணத்தில் இதை முன்வைத்தார்கள். இணையத்தில் கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் நெறியான ஐபியின் நான்காம் பதிப்பில் முகவரி 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நீளம். எல்லாவற்றையும் எண்ணினாலும் 4,294,967,296தான் தேறும். உலகம் முழுவதற்கும் அது பற்றாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சிலர் இதை 'முகவரி மொழிபெயர்ப்பு' என்று எழுதுகிறார்கள். இங்கே மொழி எங்கே வந்தது? டிரான்ஸ்லேஷனின் லத்தீன் வேருக்கு 'அக்கரைக்குக் கொண்டு சேர்த்தது' என்று பொருள். தமிழில் 'பெயர்' என்ற வினைக்கும் இடம் மாறுதலே முதற்பொருள். குறுந்தொகையின் 'மொழிபெயர் தேஎம்' என்பது நம் மொழி மாறிப்போகும் நாடு. குருப்பெயர்ச்சியில் குரு மாற்றுவது பேச்சை அல்ல, வீட்டை. ஆனால் பெயர்ச்சி என்றால் தானே நகர்வது. பெயர்ப்பு என்றால் இன்னொருவர் நகர்த்துவது. பொட்டலம், அதாவது இணையத்தில் அனுப்பும் தகவல் துண்டு, தன் முகவரியைத் தானே மாற்றிக்கொள்வதில்லை; வீட்டுக் கருவிகளை இணையத்தோடு இணைக்கும் பெட்டியான ரௌட்டர்தான் மாற்றுகிறது. ஆகவே 'முகவரிப் பெயர்ப்பு'. முழுதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பிணைய முகவரிப் பெயர்ப்பு'.

நடப்பது இது. கடையிலுள்ள கணினி 192.168.1.14. அது 51000 என்ற போர்ட் எண்ணிலிருந்து (கணினிக்குள் எந்த இணைப்புக்குரியது என்று காட்டும் எண்) ஒரு தளத்துக்குப் பொட்டலம் அனுப்புகிறது. ரௌட்டர் அனுப்புநர் இடத்தில் 203.0.113.5, போர்ட் 40012 என்று மாற்றி எழுதி, இந்த இணையைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. முகவரி மாறியதால், பொட்டலத்தின் முகப்பான ஐபி தலைப்பில் பிழை கண்டுபிடிக்க வைத்திருக்கும் சரிபார்ப்புத் தொகையையும், அதற்குள் இருக்கும் டிசிபி அல்லது யுடிபி என்ற அனுப்பு முறையின் தொகையையும் திருத்துகிறது. திருத்தாவிட்டால் வழியிலோ மறுமுனையிலோ பொட்டலம் குப்பைக்குப் போய்விடும். 40012க்குப் பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து 192.168.1.14க்குத் திருப்பிக் கொடுக்கிறது.

எஸ்டேட் ஆபீஸ் கிராணி (எழுத்தர்) கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பதுபோல்தான். ஒரு பெரிய வேறுபாடு: கிராணிக்கு எல்லாரையும் முன்பே தெரியும். ரௌட்டருக்கு, முதலில் உள்ளிருந்து எழுதியவரை மட்டுமே தெரியும். அதனால்தான் கடையின் சிசிடிவியை ஈப்போவிலிருந்து நேரடியாகப் பார்க்க முடிவதில்லை. வெளியிலிருந்து முதலில் வரும் பொட்டலத்துக்கு அட்டவணையில் வரி இல்லை. 'போர்ட் ஃபார்வர்டிங்' என்பது அந்த வரியை நாமே கையால் எழுதி வைப்பது. கேமராவின் உள்முகவரி நாளைக்கு மாறாதபடி ரௌட்டரிலேயே அதை நிலைப்படுத்திவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் ஒருமுறை கரண்ட் போய்வந்த பிறகு அந்த வரி வேறு யாருடைய கைப்பேசியையோ காட்டிக்கொண்டிருக்கலாம்.

அட்டவணை வரிகளுக்கு ஆயுள் உண்டு. யுடிபிக்கு 2 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கு 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்பது நெறி. எல்லா ரௌட்டரும் மதிப்பதில்லை. சும்மா இருந்த இணைப்பு திடீரென்று அறுந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

உள் வட்டாரத்துக்கென்று 1996இல் ஆர்.எஃப்.சி. 1918 மூன்று தொகுதிகளை ஒதுக்கியது: 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குபவை. இவை எத்தனை வீட்டில் வேண்டுமானாலும் திரும்ப வரலாம், லயத்து எண்போல. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் அடிக்கடி வரும் தொல்லையும் இங்குதான் பிறக்கிறது. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி 192.168.1 தொகுதியைத் தருகிறது. அதன் பின்னால் நாம் வாங்கி மாட்டிய ரௌட்டரும் அதே தொகுதியைத் தருகிறது. இரண்டாவது ரௌட்டருக்கு உள்ளும் புறமும் ஒரே எண்கள், எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்கு விளங்காது. உள்பக்கத்தை 192.168.2 என்று மாற்றினால் இணையம் வரும். ஆனால் பெயர்ப்பு இரண்டு முறை நடக்கும், போர்ட் வரியையும் இரண்டு பெட்டியிலும் எழுத வேண்டும். அதைவிட இரண்டாவதை பெயர்ப்பு செய்யாமல் வைஃபை மட்டும் தரும் வெறும் 'ஆக்செஸ் பாயிண்ட்' ஆக்கிவிடுவது மேல்.

வரி சரியாக எழுதியும் கேமரா தெரியவில்லையா? ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான் ஐபி' (வெளிப்பக்க முகவரி) என்று இருப்பதையும், உங்கள் ஐபியைக் காட்டும் தளம் சொல்வதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரௌட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது தெரிந்தால், நிறுவனத்திலேயே இன்னொரு பெயர்ப்பு நடக்கிறது. அந்தத் தொகுதி 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த அட்டவணையில் நம்மால் கைவைக்க முடியாது. பொது முகவரி கேட்டு வாங்கலாம், அல்லது 128 பிட் முகவரி கொண்ட ஐபி ஆறாம் பதிப்பைக் கேமராவும் இணைப்பும் ஏற்றால் அதன் வழியே போகலாம். அங்கே வீட்டுக்குள் இருக்கும் எண்ணே வெளியிலும் செல்லும். ஆனால் ரௌட்டரின் தடுப்புச் சுவர் (ஃபயர்வால்) வழிவிட வேண்டும்; முகவரிப் பெயர்ப்பை அந்தச் சுவரோடு ஒன்றாக எண்ணிக்கொள்வது தவறு.