பிள்ளைகள் போய் உட்காரும் தாத்தா வீடு

சேலத்தில் பள்ளி மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். அம்மாக்கள் அடிக்கடி கேட்பது இது: "தெருமுனையில தனியா இருக்கிற பெரியவர் வீட்டுலயே பையன் போய் உட்கார்ந்துக்கிறான். விடலாமா?" ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. மனைவி தவறியிருப்பார், பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். ஏற்காட்டில் கேட்கவே வேண்டாம், பனி இறங்கினால் பேச்சுத்துணைக்கு ஆளே கிடையாது.

விடுங்கள் என்பேன். ஆனால் நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பால் ஸிண்டல் 1968-இல் எழுதிய 'தி பிக்மேன்' நாவலைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் படிக்கச் சொல்வதுண்டு. ஜான், லொரெய்ன் இருவரும் விளையாட்டாகப் போன் போட்டு, நன்கொடை என்று பொய் சொல்லி, பிக்னாட்டி என்ற முதியவரோடு பழக்கமாகிறார்கள். மனைவி ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார் அவர். அவள் இறந்துபோன விஷயம் பிறகுதான் தெரிகிறது. (நம்மூர் ஆண்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். பெண்களுக்காவது வாசலில் நின்று பேச நாலு பேர் இருப்பார்கள். இவர்களுக்கு மனைவியை விட்டால் ஆளில்லை. தூக்கம் வரவில்லை என்றுதான் டாக்டரிடம் போவார்கள், துக்கம் என்று சொல்ல வராது.) அவர் மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இருவரும் அவர் வீட்டில் பார்ட்டி வைக்க, மனைவியின் நினைவாக வைத்திருந்த பீங்கான் பன்றிகள் உடைகின்றன. கொஞ்ச நாளில் அவரும் போய்விடுகிறார்.

பிள்ளைகள் அந்த பார்ட்டியைத்தான் பேசுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. இதய நோயாளி ஒருவரின் வீட்டுச் சாவி இரண்டு பள்ளிப் பிள்ளைகள் கையில். அந்த வீட்டுப் படியேறிப் பார்த்த பெற்றோர் ஒருவரும் இல்லை.

அதனால் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். அவர் மகனுடைய நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, பேங்க்கில் பணம் எடுத்து வருவது எல்லாம் பிள்ளைகள் வேலை ஆகக் கூடாது. கவனிக்க ஆளில்லை என்று தெரிந்தால் 14567, முதியோருக்கான உதவி எண், கூப்பிடலாம். "வீட்டில் சொல்லாதே" என்று அவர் ஒருமுறை சொன்னாலும் சரி, அதோடு நிறுத்துங்கள். தொட்டதோ பேசியதோ பிள்ளைக்குச் சங்கடமாக இருந்தால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண், கூப்பிடுங்கள். பெரியவர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம்.

இன்னொன்று, பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது. அந்தத் தாத்தா ஒருநாள் இறந்துபோவார். சொந்தத் தாத்தா என்றால் பள்ளியில் லீவு உண்டு, மாமா சித்தப்பா தோளில் சாய்ந்து அழலாம். இவருக்காக அழும் பிள்ளையை, "யாரோ ஒருத்தருக்கு எதுக்குடா இவ்வளவு?" என்று கேட்டுவிடுகிறோம். அதற்கப்புறம் அவன் வாயே திறக்க மாட்டான். நேற்று போகாமல் விட்டேனே, அதனால்தானோ என்று உள்ளுக்குள் குமைவான். மாதக்கணக்கில் படிப்பில் மனம் ஒட்டாமல் என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலரைக் கிளறினால் இப்படி ஒரு சாவு இருக்கும். பரீட்சை நேரம் என்று பார்க்காமல் துக்க வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். மாலை போட வேண்டும் என்றால் போடட்டும். ராத்திரி அவரைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.