'ரெயின் செக்' கேட்டால் வானத்தைப் பார்க்காதீர்கள்

ஹட்டனில் சுற்றுலாத் தொழிலுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் மாணவர் ஒருவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். நுவரெலியாவில் ஓர் அமெரிக்கத் தம்பதியை ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்திருக்கிறார். அவர்களும் சிரித்துக்கொண்டே 'டேக் எ ரெயின் செக்' என்றார்களாம். மழை வருமா என்று பார்த்துவிட்டு வருவார்கள் என இவர் எடுத்துக்கொண்டார். மூடுபனி ஏறுமுன் அங்குள்ள 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க வேண்டுமே! விடிகாலை நாலரைக்கே வேனோடு ஹோட்டல் வாசலில் நின்றிருக்கிறார். எட்டிப் பார்த்தது காவலாளி மட்டும்தான்.

"ஒரு பொட்டு மழை இல்லை சேர், ஏன் வரவில்லை?"

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு 'செக்' என்றதும் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு, நினைவுக்கு வரும். மழை நாள் என்றால் முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் கூலியா அரைநாள் கூலியா) என்ற கவலையும் கூடவே வரும். இந்த 'செக்' வேறு. அது ஒரு துண்டுச் சீட்டு. 1880களில் அமெரிக்க பேஸ்போல் மைதானங்களில் மழையால் ஆட்டம் தடைப்பட்டால், கையிலிருக்கும் டிக்கெட் துண்டைக் காட்டி இன்னொரு நாள் ஆட்டத்துக்குக் காசில்லாமல் போகலாம். பிறகு அங்குள்ள கடைகளும் அதைப் பிடித்துக்கொண்டன: மலிவு விலைப் பொருள் தீர்ந்துவிட்டால், சரக்கு வந்ததும் அதே விலைக்குத் தருவதாக ஒரு சீட்டு.

இன்றைய பேச்சில் அதற்குப் பொருள், 'இன்றைக்கு முடியாது, அழைப்பு அப்படியே இருக்கட்டும்' என்பதுதான். லயத்து வாசலில் "தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்" என்றால், "இன்னொரு நாளைக்கு ஆறுதலாக வந்து குடிக்கிறேன்" என்கிறோமே, அதே மரியாதை. சிலர் மெய்யாகவே வருவார்கள். பலருக்கு அது நோகாமல் மறுக்கும் வழி. ஒருமுறை மட்டும் "எந்த நாள் வசதி?" என்று கேளுங்கள். நாள் சொல்லாவிட்டால் வேனுக்குச் சொல்லிவைக்க வேண்டாம்.

நீங்களாகச் சொல்லும்போதும் இடம் பார்க்க வேண்டும். தேநீருக்கோ நடைக்கோ அழைத்தவரிடம் சொல்லலாம். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டவரிடம் இப்படிச் சொன்ன ஒரு பெண்ணுக்கு மறு அழைப்பே வரவில்லை. அங்கே காரணத்தைச் சொல்லி வேறு திகதியை நேராகக் கேட்பதே நல்லது. இது அமெரிக்க வழக்கு என்பதால், பிரித்தானியப் பயணிகளிடம் நான் இதை எடுப்பதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாணவர் சொன்னார்: "வேன்காரரிடமும் வாடகைக்கு ரெயின் செக் கேட்டுப் பார்க்கிறேன் சேர்." கேட்டும் பார்த்தாராம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.